எனக்கென்று அடித்த டெலிபோன்

சபையில் இரண்டு முறை எழுந்து நின்று இதைச் சொல்லப் பார்த்தேன். இரண்டு முறையும் "ஆண்டவர் நல்லவர்" என்ற ஒரு வரியோடு உட்கார்ந்துவிட்டேன். நான் வாயில்லாப் பூச்சி அல்ல. என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஆனாலும் இந்தக் கதை என்று வந்தால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால்தான் எழுதித் தருகிறேன். தனியாக இருக்கிற யாராவது ஒருவர் படித்தால் போதும்.

அது யுத்த காலம். திருகோணமலையில் இருந்தோம். என் கணவர் லொறி ஓட்டியவர். வெங்காயம் ஏற்றப் போனவர் பெட்டியில்தான் திரும்பி வந்தார். யார் சுட்டது, ஏன் சுட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் தாய் தகப்பனுக்கு ஒரே பிள்ளை. அவர்களும் முன்பே போய்விட்டார்கள். கணவரின் ஆட்கள் இந்தியாவுக்குப் படகேறியதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. செத்த வீட்டுக்கு வந்த சனம் ஒரு கிழமையில் கலைந்தது. பிறகு உவர்மலையில் ஒரு வாடகை அறையும் மண்ணெண்ணெய் அடுப்பும் நானும் மட்டும்தான். ஒரு ஆளுக்குச் சோறு ஆக்குவது எவ்வளவு கொடுமை என்று ஆக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கிண்ணியாவைச் சேர்ந்த கரீம் நானா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேசன், அதாவது டெலிபோன் கடை, வைத்திருந்தார். என் கணவரின் லொறியில் சாமான் ஏற்றிய பழக்கத்தில் எனக்கு அங்கே வேலை தந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது விளங்காது. அப்போது வீடுகளில் டெலிபோன் இல்லை. கட்டாரில், கனடாவில் இருக்கிற பிள்ளைகள் கடைக்குத்தான் டெலிபோன் எடுப்பார்கள். பெற்றோர் குறித்த நாளில் வந்து வாங்குப் பலகையில் காத்திருப்பார்கள். பலகையால் அடைத்த இரண்டு சின்னக் கூடுகள். மணி அடித்தால் எடுத்து, "ஆரோட கதைக்கோணும்?" என்று கேட்டு, ஆளைக் கூட்டுக்குள் அனுப்புவது என் வேலை.

பலகை எதை மறைக்கும்? எல்லாம் காதில் விழும். கனடா தூரமாயிற்றே என்று சில அப்பாமார் தொண்டை கிழியக் கத்துவார்கள். தாய்மார் என்ன கறி வைத்தோம் என்பதிலிருந்து தொடங்குவார்கள். புதுப் பெண்கள் ரிசீவருக்கு முத்தம் கொடுப்பார்கள். நான் எதையோ தேடுவது போலக் குனிந்துகொள்வேன். பகல் முழுக்க ஊராரின் பாசம் என் காதுக்குள் போகும். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் படுப்பேன். என்னைக் கூப்பிட உலகத்தில் ஒரு சீவன் இல்லை. உயிரோடு இருப்பதில் என்ன பிரயோசனம் என்று நினைத்தேன். செத்துப்போனால் நல்லது என்றும் நினைத்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நானா பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். காலையில் டவுனில் குண்டு வெடித்ததால் தெருவில் சனமில்லை. டெலிபோனுக்கு முன்னால் இருந்துகொண்டு நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன்.

"ஆண்டவரே, இந்தச் சனியன் ஊருக்கெல்லாம் அடிக்குது. எனக்கெண்டு ஒருக்கால் அடிக்கக்கூடாதோ? நான் ஒருத்தருக்கும் தேவையில்லையெண்டால் என்னை ஏன் வைச்சிருக்கிறீர்?"

சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தது! பாய்ந்த பாய்ச்சலில் கதிரையில் முழங்கால் அடிபட்டு உயிர் போனது. எடுத்தால், பக்கத்துக் கடைத் தையல்காரரைக் கூப்பிடச் சொல்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் நான் அவரைக் கூப்பிட்ட கூவலுக்கு, மனுசன் கையில் ஊசி நூலோடு ஓடி வந்தார்.

"நல்ல பகிடி விடுறீர்" என்று ஆண்டவருக்குச் சொல்லிவிட்டு, அதோடு ஜெபம் பண்ணுவதையே விட்டேன்.

அந்த வாங்கில் வெள்ளி தவறாமல் வந்து இருப்பவர்களில் ஒருவர் சாம்பல்தீவுச் செல்லம்மாக்கா. அவருடைய ஒரே மகன் யோகன் கட்டாரில் கட்டட வேலை செய்தான். தகப்பன் இல்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, அன்றைக்குத்தான் எடுப்பான். செல்லம்மாக்கா தன் ஆடுகளைப் பற்றியே கதைத்து நேரத்தை முடிப்பார். அவன் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்பதோடு சரி. ஒரு வெள்ளி அவர் வரவில்லை.

"அம்மா வரேல்லையோ அக்கா?"

"பாதை பூட்டியிருக்குத் தம்பி. பஸ் ஓடேல்லை. யோசியாதேங்கோ, அடுத்த கிழமை எடுங்கோ."

பாதை திறந்தும் பூட்டியும் கிடந்த அந்த நாட்களில் தெரிந்த ஒருவர் வந்து சொன்னார்: செல்லம்மாக்காவை டவுன் ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்களாம், நெஞ்சு வருத்தமாம், ஊர் ஆட்களுக்கு வந்துபோக வழியில்லையாம். அன்று பின்னேரமே போனேன். நான் பெரிய புண்ணியவதி என்பதால் அல்ல. வீட்டில் என்னைப் பார்த்திருக்க ஒருவரும் இல்லை, அதனால் நேரம் இருந்தது. அடுத்தடுத்த நாட்களும் கஞ்சி காய்ச்சிக் கொண்டு போய்ப் பருக்கினேன். செவ்வாய்க்கிழமை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போனால் அவனுக்கு உடனை சொல்லிப்போடாத பிள்ளை. அங்கை தனிய நிண்டு அழுவான்."

அடுத்த நாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே கண்ணை மூடிவிட்டார். சொந்தக்காரர் ஆமிக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கி வந்து, உடலை ஊருக்குக் கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மணி அடிக்கப் போகிறது, நான்தான் எடுக்க வேண்டும்.

"மௌத்துச் செய்தியை போன்ல சொல்லப்படாது புள்ள," என்றார் நானா. "கடும் சுகமில்லை எண்டு சொல்லி வைங்க. பொறகு மெல்ல மெல்ல அறியட்டும்."

அவரைப் பிழை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். செத்த தாயை டெலிபோனில் மாதக்கணக்கில் சுகவீனமாக வைத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் என் கணவர் இறந்தபோதும் என்னிடம் "காயம்தான், தூர ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்றுதான் சொன்னார்கள். அவருக்கு உடுப்பு மடித்து வைத்து, பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றி, கூட்டிப்போக ஆள் வரும் என்று படலையடியில் நின்றேன். ஊர் முழுக்கத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

ஒரு பக்கம் சாகிறவளின் வேண்டுதல். மறுபக்கம் நான் படலையடியில் நின்ற நினைப்பு. பல நாளைக்குப் பிறகு வாய் திறந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு அடிக்கச் சொல்லிக் கேட்டதை விட்டிடுவம். இந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு ஒரு வாயைத் தாரும்." எனக்காக அல்லாமல் இன்னொருவருக்காக நான் கேட்டு எவ்வளவோ காலம்.

மணி அடித்தது.

"அக்கா, இண்டைக்கு அம்மா வந்திட்டாவோ?"

"தம்பி, பக்கத்தில இருக்க இடமிருக்கோ? முதல்ல இருங்கோ." என் குரல் நடுங்கவில்லை. அது என் பலம் இல்லை என்று எனக்குத் தெரியும். "அம்மா புதன்கிழமை மோசம் போயிட்டா, அப்பன்."

அழுதான். ஐயோ, அந்த அழுகை. நான் ரிசீவரை வைக்கவில்லை. இடையிடையே "நிக்கிறன் தம்பி, நான் லைனிலதான் நிக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். நானா சத்தம் போடாமல் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்.

"அம்மா போகேக்குள்ள ஆர் பக்கத்தில நிண்டது?"

"நான் நிண்டனான் தம்பி."

"அப்ப சரி அக்கா," என்றான். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை இல்லை. சொன்னது பிழையோ, அந்நிய தேசத்தில் பிள்ளை ஏதும் செய்துகொள்வானோ என்று துடித்தேன். அடுத்த வெள்ளி, அதே நேரம் மணி அடித்தது. பழக்கத்தில் எடுத்தேன்.

"ஆரோட கதைக்கோணும்?"

"உங்களோடதான் அக்கா. வெள்ளிக்கிழமை எடுத்துப் பழகிப்போச்சு. எனக்கு வேற ஆரிருக்கினம்?"

ஊரெல்லாம் வாயாடி என்று சொல்லும் நான் ஊமையாக நின்றேன்.

"அக்கா, நிக்கிறீங்களோ?"

"ஓம்... ஓம் ராசா, நிக்கிறன்."

ஆடுகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டான். எனக்கென்ன தெரியும் ஆட்டைப் பற்றி! ஞாயிறு ஆராதனை முடியப் போய்ப் பார்த்து வந்து சொல்கிறேன் என்றேன். அன்றிரவு முழங்காலில் நின்று தேம்பித் தேம்பி ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எவரும் இல்லாதவளுக்கு எங்கிருந்து மணி அடிக்கப் போகிறது என்று நான் நினைத்திருந்தேன். அவர் வழி தேடியிருக்கிறார்.

அதோடு என் நாட்கள் மாறின. மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் லோஞ்சுப் படகு ஓடாத நாட்களில், ஆள் பார்க்க வராத நோயாளிகள் ஆஸ்பத்திரி வாட்டுகளில் கிடந்தார்கள். நிலாவெளிப் பக்கத்து ஆட்களுக்கும் அதே கதிதான். கடை பூட்டியதும் போய் அவர்களோடு இருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் என்னைக் கேட்டு எடுக்கத் தொடங்கினார்கள். நல்லதோ கெட்டதோ, அந்தக் கடையில் இருக்கிற அக்கா உள்ளதைச் சொல்லுவா என்று ஒரு பேர் வந்தது. கடைக்கும் அதனால் சனம் கூடியது. நானா சாவியை என்னிடமே தந்துவிட்டார். உத்தியோகத்தில் உயர்வு என்று எனக்குக் கிடைத்தது அதுதான், அதற்கு மேல் நான் ஆசைப்படவும் இல்லை. தனிமை அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. என் அறையில் இன்றைக்கும் ஒரு கோப்பைதான் கழுவிக் கவிழ்ப்பேன். ஆனால் விடிந்தால் எங்கே போகவேண்டும் என்று தெரியும்.

யோகன் ஒப்பந்தம் முடிந்து வந்தான். பையோடு நேரே கடைக்கு வந்து, வாங்கிலிருந்த சனத்துக்குப் பின்னால் நின்ற அவனை எனக்கு முகம் தெரியவில்லை. யாரோடு கதைக்கவேண்டும் என்று அவனிடமும் கேட்டேன்.

"கதைக்க வரேல்லை அக்கா. பாக்க வந்தனான்," என்றான். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

தாயின் சாம்பலைக் கடலில் கரைத்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டான். கரைத்த அன்று ஊருக்குப் போய்க் கரையில் நானும் நின்றபடியால் எனக்கு இடம் தெரியும். பஸ்ஸில் போனோம். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். இரண்டு அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்த சிப்பாய்க்குச் சந்தேகம். ஊர் வேறு, பேர் வேறு. என்னைக் காட்டி, கொச்சைத் தமிழில் யோகனிடம் கேட்டான்: "இது யாரு உனக்கு?"

யோகன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "என்ர அக்கா," என்றான்.

சிப்பாய் என்னைப் பார்த்தான். "ஓம், தம்பிதான்," என்றேன். போகச் சொன்னான். கடற்கரை வரும்வரைக்கும் நான் அழுதுகொண்டே நடந்தேன்.

இதைப் படிக்கிற, ஒருவரும் இல்லாத சகோதரியே, சகோதரனே, ஆண்டவரிடம் கேளுங்கள். பக்தியாகக் கேட்க வராவிட்டால் கோபத்தோடாவது கேளுங்கள். அவர் கோபிக்க மாட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இராதீர்கள். பெரியாஸ்பத்திரியில் பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் எல்லாக் கட்டிலையும் சுற்றிச் சனம் நிற்கும், ஒரு கட்டிலைச் சுற்றி மட்டும் நிற்காது. கொஞ்சம் கஞ்சி எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.