பாவில் மாட்டிய குடை

என் அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர் ஆயிற்றே, அந்தப் பழக்கம் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. "சொன்ன நேரத்துக்குப் போனா பெருக்கித் துடைச்சு, நல்ல பாயா எடுத்து விரிச்சு வெச்சிருப்பாங்க. அது வீடா? டிராமா செட்டு. முன்னாடி போனாத்தான் வீடு தெரியும்" என்பார். என் அக்காவுக்கு வந்த நல்ல வரன்கள் சில இந்த ஒரு மணி நேரத்தில்தான் அடிபட்டுப் போயின. ஒரு வீட்டில் மாப்பிள்ளை நல்ல வெயிலேறிய பிறகும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் மாமியாரும் மருமகளும் குழாயடியில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலிலேயே திரும்பி வந்துவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் அந்த ஒரு மணி நேரம் என் பக்கம் திரும்பியது.

நான் அப்போது தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பல்லாவரத்தில் ஏறுகிற ஒருவர் மீது மனசு போய்விட்டது. கிண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டர். வீடு அனகாபுத்தூரில், நெசவுக் குடும்பம். சாதியும் வேறு. விஷயம் தெரிந்ததும் அப்பா குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதிக்கவில்லை. சில நாள் கழித்து ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒரே ஒரு தடவை போய்ப் பாக்கறேன். பாத்துட்டு வந்து வேண்டாம்னா வேண்டாம். அப்புறம் அந்தப் பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்வது? "ஆனா நானும் வருவேன்" என்றும் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "பொண்ணு போய் மாப்பிள்ளை வீடு பாக்கறதா? ஊர் சிரிக்கும்டி!"

"சிரிச்சுட்டுப் போகட்டும். வாழப் போறது நானா, ஊரா?"

எனக்கு வாய் நீளம்தான். அது யார் கொடுத்த சொத்து என்பது போல அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் அதற்குள் கை கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தோம். அப்பா என்னை ஏழரைக்கெல்லாம் கிளப்பிவிட்டார். கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த வெள்ளை வேட்டி, அக்குளில் நீளக் கறுப்புக் குடை. அந்தக் குடை இல்லாமல் அவர் பக்கத்துக் கடைக்குக்கூடப் போகமாட்டார். பல்லாவரத்தில் இறங்கி பஸ் பிடித்தோம். பம்மல் வந்ததும் தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றம் ஜன்னல் வழியாக ஏறி உட்கார்ந்தது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அப்பா மூடவில்லை. "உலகத்துல பாதிப் பேர் கால்ல போடற ஷூ இங்கேருந்துதான் போவுது. பொறுத்துக்கோ" என்றார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. அன்றைக்கு எதுதான் எனக்குச் சகுனமாகப் படவில்லை? பஸ்ஸில் ஒரு கிழவர் தும்மியதற்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அனகாபுத்தூரைப் பற்றி என் ஃபிட்டர் ரயிலில் சொல்லிச் சொல்லி எனக்குப் பாதி மனப்பாடம். அடையாறு ஊரை ஒட்டியே ஓடும், வெயில் காலத்தில் இறங்கி நடந்தே அக்கரை போகலாம், எதிரில் குன்றத்தூர் மலைக்கோயில் தெரியும், நூலை ஆற்றிலேயே அலசுவார்கள், நெய்கிற கட்டம் போட்ட துணி கப்பலேறி நைஜீரியாவுக்குப் போகும் என்றெல்லாம் சொல்வார். "நைஜீரியாவா? பீலா விடாதீங்க" என்று நான் சிரிப்பேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பியபோதுதான் பீலா இல்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமையாவது ஒன்றாவது. ஒரு தறி நிறுத்தினால் இன்னொன்று எடுத்துக்கொண்டது. கதவு திறந்திருந்த இடத்தில் எல்லாம் ஆணும் பெண்ணும் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கட்டையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். மெரூன், நீலம், கடுகு மஞ்சள் என்று கட்டம் கட்டமாகத் துணி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கல்யாணம் நடக்கிறதோ இல்லையோ, இப்படி ஓர் ஊரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தேனே என்று தோன்றியது.

அவர் வீடு இருந்த தெருவுக்கு வந்தோம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நூல் நீட்டிக் கட்டியிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்தி, பிரித்துவிடுகிற வேலை அது. இடுப்பளவு உயரத்தில் ஆயிரக்கணக்கான இழைகள் ஒரு பெரிய ஜமக்காளம் போல நின்றன. இரண்டு பக்கமும் ஆட்கள் நீளமான நார் பிரஷ்ஷால் நூலைத் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். நாங்கள் தேடிய வீடு அந்தப் பக்கம் இருந்தது. சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். ஆனால் சுற்றிப் போனால் நேரமாகும். நேரமானால் அந்த ஒரு மணி நேரம் என்னாவது?

"குனிஞ்சு போயிடலாம், வா" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குனிந்துவிட்டார். அவர் போய்விட்டார், குடை போகவில்லை. அக்குளில் இருந்த குடையின் முனை இழைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. தெரியாமல் வெடுக்கென்று நிமிர்ந்தார். பட்பட்டென்று ஒரு கொத்து நூல் அறுந்து தொங்கியது.

"யோவ்! கண்ணு பின்னாடியா கீது உனுக்கு?"

அந்தக் குரலில் தெருவில் இருந்த நாய்கூட எழுந்து நின்றது. முழங்கை வரை கஞ்சி, தூக்கிச் செருகிய சேலை, கொண்டை அவிழ்ந்து பாதி முகத்தை மறைத்த ஓர் அம்மாள் பாவுக்கு மறுபக்கத்திலிருந்து ஓடிவந்தார். "இன்னாய்யா இது, காலங்காத்தால குடையத் தூக்கினு? தெருவே பாவு போட்டுகினு கீது, சுத்திப் போனா தேஞ்சா பூடுவே? கஸ்மாலம்! எத்தினி இழை போச்சு பாரு!"

என் அப்பாவை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஓடுகிற ரயிலையே கொடியைக் காட்டி நிறுத்தியவர். குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்தில் பனியனும் லுங்கியுமாக, கையில் பிரஷ்ஷோடு ஒருவர் நிமிர்ந்தார். என் ஃபிட்டர். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாள் யார் என்று எனக்கு அப்போது புரிந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். எனக்கு மாமியார் ஆக வேண்டியவர் என் அப்பாவைக் கஸ்மாலம் என்றுவிட்டார். இனிமேல் யார் என்ன செய்ய முடியும்?

"அம்மா, அவரு வந்து..." என்று அவர் ஆரம்பித்தார்.

"இன்னாடா வேடிக்கை? அந்தண்ட போ! மானத்தைப் பாத்தியா?"

நிமிர்ந்து பார்த்தேன். வரும்போது பளிச்சென்று இருந்த வானம் ஆற்றுப் பக்கத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. முகத்தில் ஒரு துளி விழுந்தது. தெருவே கூச்சல் போட்டது. மழை விழுந்தால் கஞ்சி கரைந்துவிடும், இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு நூலும் பாழ். அந்த முனையிலிருந்து பாவைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அறுந்த இடத்தை முடிச்சுப் போடாமல் சுருட்ட முடியாது. அந்த அம்மாள் அங்கேயே குனிந்து இழை இழையாகத் தேடி முறுக்கிச் சேர்க்கத் தொடங்கினார். தூறல் விழ ஆரம்பித்தது.

"இன்னாய்யா மரம் மாதிரி நிக்குற? அறுத்தியே, அந்தக் குடையத் தொறந்து புடி!"

அப்பா திறந்து பிடித்தார். அவருக்கு அல்ல, நூலுக்கு. அவர் தலை நனைந்தது, மொடமொட வேட்டி நனைந்து காலோடு ஒட்டியது. "இப்புடி... கொஞ்சம் அந்தண்ட... ஆட்டாதே!" என்று அந்த அம்மாள் சொன்ன பக்கமெல்லாம் குடை நகர்ந்தது. நான் சும்மா நிற்க முடியாமல் மறுபக்கம் ஓடி, சுருட்டுகிறவர்களோடு கட்டையைப் பிடித்தேன். என் பட்டுப்புடவையெல்லாம் கஞ்சி. கடைசி முடிச்சு விழுந்ததும் அந்த அம்மாள் "இழு!" என்று கத்தினார். எல்லோருமாகச் சுருட்டி, தூக்கி, அவர்கள் வீட்டு வராந்தாவுக்குள் போட்டோம். மழை கொட்டியது.

எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் அவர் தன் அம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னார். தெருப் பெண்கள் எல்லோரும் கையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் மட்டும் அசையவில்லை. கொண்டையை முடிந்துகொண்டார், கையைத் துடைத்துக்கொண்டார், அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணோட அப்பாவா? வாங்க, உக்காருங்க, காபி போடறேன். ஆனா ஒண்ணு. யாருன்னு தெரிஞ்சிட்டதுக்காவ சொன்ன சொல்ல நான் மாத்திக்க மாட்டேன். சுத்தி வந்திருக்கணும் நீங்க. பத்து மணிக்குதானே வர்றதா சொன்னீங்க? அப்ப வந்திருந்தா பாவு சுருட்டி, நான் குளிச்சு, பூ வெச்சுகினு வாசல்ல நின்னிருப்பேன்."

"அதைப் பாக்கக் கூடாதுன்னுதாம்மா முன்னாடி வந்தேன்" என்றார் அப்பா. அந்த ரகசியத்தை வெளி ஆளிடம் அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

காபி குடித்தார். தறியைப் பார்த்தார். கட்டத் துணியைத் தடவினார். "இத்த நாங்க கட்றதில்ல. நைஜீரியாவுல கல்யாணம்னா இதான் கட்டுவாங்களாம்" என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னதற்கும் தலையை மட்டும் ஆட்டினார். மழை விட்டதும் எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார்கள். சாயம் ஏற்றிய நூல் கத்தைகளை முழங்கால் தண்ணீரில் நின்று ஆட்கள் அலசிக்கொண்டிருந்தார்கள். மணல் கழுவிவிட்டது போல இருந்தது. அக்கரையில் குன்றத்தூர் மலை தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு அழகான ஊர்! எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஊரைக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்ளப் போகிறாரே என்று அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கிளம்பும்போது தெரு முனையில் அந்த அம்மாள் அப்பாவைத் தனியாக நிறுத்தி ஏதோ சொன்னார். அப்பா ஒரு தடவை தலையாட்டினார். எனக்குக் கேட்கவில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் அவர் ஈர வேட்டியோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா?

தாம்பரம் பிளாட்பாரத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தபின் நின்றார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை விடியக்காலையிலேயே கிளம்பணும். அம்மாகிட்ட சொல்லிடு, அவளும் வரட்டும்."

"எங்கப்பா?"

"அனகாபுத்தூருக்குத்தான். இன்னொரு பாவு நீட்டறாங்களாம், ஆள் பத்தலையாம். 'சம்பந்தி, நீங்களும் வந்துடுங்க'ன்னு அந்தம்மா சொல்லிச்சு. சரின்னுட்டேன்."

அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நின்று ஓவென்று அழுதுவிட்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அவசரமாகக் குடையை விரித்து என் முகத்தை மறைத்தார்.

"அழாதே, வா. குடையை மட்டும் வீட்லயே வெச்சுட்டு வரச் சொல்லுச்சு."