ராகேல் அக்கா கேட்ட பாத்திரம்

தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு குத்தகை வழக்குக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். ராகேல் அக்காவின் மருமகன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். “அத்தை போய்ட்டாங்க தோழரே.” என் வாயில் முதலில் வந்தது, “பாத்திரம் குடுத்தாங்களா?” என்ற கேள்விதான். இல்லை என்று தலையாட்டினார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நடவுக்கும் களைக்கும் போய்ப் பிழைத்தவர். நான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரன். சாமி, பூதம் எதுவும் எனக்குக் கிடையாது. பிள்ளை பெற்ற பிறகு ஞானஸ்நானம் வாங்கியவர் அவர். “ஏன்க்கா, இருக்கிற சாமியெல்லாம் போதாதா?” என்று சீண்டுவேன். “எனக்காக ஒருத்தரு உசுர விட்டிருக்காரு தம்பி. அப்ப நான் சும்மா ஆளா?” என்பார். அதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் பக்கத்து வயல்களில் சேரிப் பெண்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற முறை ஒன்று உண்டு. மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் நின்று சொம்பைத் தூக்கி ஊற்றுவார். பெண்கள் குனிந்து, இரண்டு கையையும் குவித்துக் குடிக்க வேண்டும். சொம்பு அவர்கள்மேல் பட்டுவிடக் கூடாது. தேவாலயத்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கிற நற்கருணையை முதன்முதலாக வாங்கிய மறுநாள் அக்கா கை குவிக்கவில்லை. “கோயில்ல பாத்திரத்துல ஒதட்ட வச்சுக் குடிச்சவ நான். இனிமே கையேந்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். குறுவை நடவு வெயிலில் நாக்கு வறள வறள நட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர் குடித்தார்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் சமத்துவம் எழுதியிருந்த காலம் அது. கூலிப் போராட்டத்துக்குக் கோரிக்கை பேசிக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்து, “தண்ணி குடிக்கத் தம்ளரும் கேளுங்க” என்றார். எங்கள் ஆட்களே சிலர் சிரித்தார்கள். மிராசுதார் சிரிக்கவில்லை. “கூலி கேட்டா பேசித் தீத்துக்கலாம். தம்ளர் கேக்குறாளே, யாருய்யா அவ?” என்று குதித்தார். போலீஸ் வந்தது. தடியடியில் அக்காவுக்குத் தோள் இறங்கிப் போயிற்று. கடைசியில் கூலி ஏறியது, தம்ளர் வரவில்லை. ஆனால் பெண்கள் தங்கள் பானையைத் தாங்களே வரப்பில் கொண்டுவந்து வைத்தார்கள். அதை எட்டி உதைக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

சனியன், அதற்குப் பிறகுதான் கோயிலே மாறியது. முன்பெஞ்சில் உட்காருகிற நிலபுலக்காரர்களுக்குத் திடீரென்று ஒரே பாத்திரம் கசந்துவிட்டது. பின்னால் பாயில் உட்காருகிற சேரிக்காரர்களுக்கு என்று இரண்டாவது பாத்திரம் வந்தது. “புதுசும்மா, இதுதான் நல்லாப் பளபளன்னு இருக்கு” என்றாராம் அன்றைய போதகர். அக்கா முழங்காலிட்டபடியே வாயை இறுக மூடிக்கொண்டார். அன்று முதல் ஒவ்வொரு நற்கருணைக்கும் போவார், முழங்காலிடுவார், குடிக்காமல் திரும்புவார்.

எனக்குக் கோபம் பொங்கியது. “அங்கேயும் இதே கதைதானே. விட்டுத் தள்ளிட்டு வாங்கக்கா” என்றேன். “அவுங்க வீட்டுக்கா போறேன்? எங்கப்பன் வீட்டுக்குப் போறேன். அவுங்க பாத்திரத்த மாத்தலாம், அவர மாத்த முடியுமா?” என்றார். சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். லத்தி அடிக்குக்கூட அழாத மனுஷி. அந்த ஒரு வாய்க்காக அவர் எவ்வளவு ஏங்கினார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கடைசி நாளில் இப்போதைய போதகர் வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோயிருக்கிறார். இளைஞர், நல்லவர். பக்கத்தில் இருந்த மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அக்கா கண்ணைத் திறந்து, “இது எந்தப் பாத்திரம் ஐயா?” என்று கேட்டாராம். போதகர் குனிந்துகொண்டே, “பின்னால உள்ளவங்களோடதும்மா. முன்பெஞ்சுக்காரங்க பாத்திரம் இருக்கிற பீரோ சாவி சபை மூப்பருகிட்ட இருக்கு” என்றாராம். அக்கா அவர் கையைத் தட்டிக்கொடுத்திருக்கிறார். “போவட்டும் ஐயா. நான் நேராவே போய் அவருகிட்ட வாங்கிக் குடிச்சிக்கிறேன்.” அதன்பிறகு உதட்டைத் திறக்கவில்லை.

அந்தச் சாவியை ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் மூப்பருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு ஆறவில்லை. ஆறப்போவதும் இல்லை.

அடக்கம் முடிந்து வந்த முதல் நற்கருணை ஞாயிறன்று, பாயில் இருந்தவர்கள் எல்லோரும் முன்னால் போய் முழங்காலிட்டார்களாம். இரண்டாவது பாத்திரம் வந்தபோது கிழவிகள் முதல் கல்யாணமாகாத பெண்கள்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். நிறைந்த பாத்திரத்தை வைத்துக்கொண்டு போதகர் அப்படியே நின்றுவிட்டாராம். இனி அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு இன்றைக்கும் கடவுள் இல்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கேள்வியைத்தான். எங்கள் ஊர் டீக்கடையில் என் சாதிக்காரனுக்குக் கண்ணாடிக் கிளாஸ் தானாக வரும், சேரிக்காரர்களுக்குத் தனிக் குவளை. இப்போதெல்லாம் அதை வாங்கியதும், “இது எந்தக் கிளாஸ்? எல்லாருக்கும் குடுக்குறதா?” என்று உரக்கக் கேட்கிறேன். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டீ ஆறிப்போகிறது. நான் குடிப்பதில்லை.