வர்க்கிச் சேட்டனின் துண்டுச் சீட்டு

எங்கள் வாசகசாலைக்கு விருது வாங்கிய நாவல் எது வந்தாலும் முதலில் எடுத்துப்போவது வர்க்கிச் சேட்டன்தான். ரப்பர் வெட்டுகிறவர். விடியுமுன் முந்நூறு மரத்தையும் சீவிவிட்டால், பால் சொட்டி முடிய இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த நேரம்தான் அவருடைய படிப்பு. திருப்பித் தரும்போது உள்ளே பென்சிலில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். "நூறு பக்கம் அதிகம்." "இந்த ஆளுக்குப் பசி தெரியாது." "விருது கொடுத்தவர்கள் முழுசாகப் படிக்கவில்லை." வாசகசாலைச் செயலாளனான நான் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். பத்திரிகை மதிப்புரைகளை நம்புவதை நிறுத்திப் பல வருடமாயிற்று.

இந்த வருடத்து நாவலில் மூன்று பிரதி வாங்கியிருந்தோம்; சேட்டன் எடுத்துப்போனது மட்டும் மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. அந்த நாவலில், சாதி விட்டுக் கல்யாணம் செய்த மகளை ஒரு அப்பன் துரத்திவிடுகிறான். கடைசி அத்தியாயத்தில் அவன் சாகக் கிடக்கும்போது மகள் ஓடி வருகிறாள். அவள் தலையில் கை வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறான். அதற்குத்தான் ஊரே அழுதது. நானும் அழுதேன், மறைப்பானேன்.

சேட்டனுக்கு ஒரே மகள், ஷைனி. ஆறு வருடம் முன்பு பிஜு என்ற ஈழவச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு தொடுபுழாவுக்குப் போனவள். அன்று இவர் அவள் பெட்டியை முற்றத்தில் வீசியதை ஊரே பார்த்தது. பிறகு அந்தப் பேச்சை அவரிடம் யாரும் எடுத்ததில்லை.

அந்த மாதம் இரண்டாம் ஞாயிறு நாவல் விவாதம். எங்கள் வழக்கப்படி, விருந்தினராக வரும் பேராசிரியர் பேசுமுன் ஊர் வாசகர் ஒருவர் தொடங்கிவைக்க வேண்டும். நாவலைப் படிக்குமுன்னே நான் சேட்டன் பெயரை நோட்டீசில் அடித்துவிட்டேன். படித்த பிறகுதான் செய்த மடத்தனம் உறைத்தது.

அந்த வாரம் நான்கு தடவை என் வீட்டுக்கு வந்தார். ஒரு தடவைகூட உட்காரவில்லை.

"சுகதா, வேற ஆளப் பாரு. எனக்குத் தொண்ட சரியில்ல."

"நோட்டீஸ் ஒட்டியாச்சு சேட்டா. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. இதுவரைக்கும் எதத்தான் புடிச்சிருக்குன்னீங்க?"

"புடிக்கலன்னும் சொல்ல முடியலடா. எங்கேயோ தப்பா இருக்கு. எங்கேன்னுதான் தெரியல."

வியாழக்கிழமை புத்தகமும் கையுமாகத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் மழை வந்ததையே கவனிக்கவில்லை. மரத்தில் கட்டியிருந்த முந்நூறு சிரட்டைப் பாலும் மழைத் தண்ணீரோடு போயிற்று. முப்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"எழுதினவனுக்கு விருது, நமக்கு மழையா? அந்தப் பொஸ்தகத்த அடுப்புல போடவா?" என்று அவர் மனைவி ஏலியாம்மை கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு மைக் முன்னால் வந்து தொடங்கினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா கடைசியில அந்தப் பொண்ணு ஏன் வரணும்? தொரத்தினது யாரு? அப்பன். கால் நல்லா இருந்தப்ப அவன் ஒரு நாளாவது போனானா? படுக்கையில விழுந்ததும் அவ ஓடி வரணுமாக்கும். தொரத்தினவன்தான போகணும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவர் மாதிரி இருந்தது. முப்பது பேர் இருந்தோம். எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"அவ்வளவுதான்" என்று மைக்கை என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். சாயாவுக்குக்கூட நிற்கவில்லை. பேராசிரியர் தொடங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொடுபுழா பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துத்தான் புத்தகம் திரும்பியது. மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த நாவலைக் கேட்டார். எனக்கும் விசாரிக்கத் தைரியம் வரவில்லை. அவர் போனதும் பக்கங்களைப் புரட்டிச் சீட்டைத் தேடி எடுத்தேன்.

பென்சிலில், "கடைசி அத்தியாயம் பொய்." அதற்குக் கீழே நீல மையில் ஷைனியின் கையெழுத்து. பள்ளிக்கூட வயதில் எங்கள் பதிவேட்டில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"நானும் படித்தேன். அவள் வந்திருக்க மாட்டாள். அப்பன் போயிருந்தால் கதவைத் திறந்திருப்பாள்."