புதிதாய் மேய்ந்த கூரை

எண்பதுகளில், பள்ளிக் கட்டட நிதிக்காகக் கூரைகளைப் பார்வையிடுவது என் வேலை. மலைமேல் தலைச்சோலைப் பக்கம் ஒரு பள்ளி ஒழுகுகிறதென்று மனு வந்திருந்தது. போய்ப் பார்த்தால் கூரையெல்லாம் புதுப்புல்.

மனுக் கொடுத்த காப்பி விவசாயி வாசலில் நின்றார். தலைமுடியில் புல்தூசி. பேச்சுக்கு நடுவே கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க வர்றீங்கன்னு நேத்து ஊரே சேர்ந்து மேஞ்சோமுங்க. ஒழுகற எடத்துல உங்கள எப்படிங்க உக்கார வெக்கறது?"

நல்ல கூரைக்கு நிதி கிடைக்காது, ஒழுகுகிறது என்றே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க, நாங்க மேஞ்சது ஒழுகும்னு எழுதுவீங்களா?"

மலையிறங்கிய பிறகுதான் ஒழுகுகிறது என்று எழுதினேன். பள்ளிக்கு ஓடு வந்திறங்கிய அன்று அவருக்கு வந்தது சந்தோஷமா, கோபமா? இன்றும் தெரிந்துகொள்ள ஆசை.