நைனாவின் கல்லறையில் அக்காவுக்கு ஓர் இடம்

நம் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலரோடு அவர் சண்டை போட்டிருக்கிறார். அதைவிட அதிகம் பேருக்காகவும் போட்டிருக்கிறார். தங்கையான நான் இரண்டு கணக்கிலும் உண்டு.

ஆந்திராவில், பங்காருபாளையம் பக்கத்து எங்கள் ஊரில், மிஷன் பள்ளி ஆசிரியரான எங்கள் நைனாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நைனா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு மாங்காய் மண்டி வேலைக்குப் போய் எங்களை ஆளாக்கினார். யாருக்குப் பென்ஷன் வரவில்லை என்றாலும் ஆபீஸ் வாசலில் தெலுங்கில் வாதாட அக்காதான் போவார். ஊரார் ஓட்டுப் போட்டு அவரைச் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர் ஆக்கினார்கள். முதல் வேலையாக ஊர் ஏரியைத் தூர்வாரி, கரை நெடுகப் புங்கஞ்செடி வைத்தார். கிணறுகளும் தோப்புகளும் அந்த ஏரியை நம்பித்தானே இருக்கின்றன!

அந்தச் சமயத்தில் ஏரியை ஒட்டிய நம் சபைக் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. ஏரியின் ஓரத்தில் மண் கொட்டிச் சேர்த்துக்கொள்ளச் சபையார் முடிவெடுத்தார்கள். நம் வீட்டுப் பெண்தானே சர்பஞ்ச் என்ற தைரியம். அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் சபை மூப்பரான பெரியப்பா அவரை வாசலிலேயே மடக்கினார்.

"ஏம்மா, ஏரிக்குக் காவல் காத்துக்கினு கீறியே, நாளைக்கு உன்ன எங்க பொதைக்கிறதாம்?"

"எங்க நைனா மேலயே வைங்க பெரியப்பா. சின்னதுல அவரு மார்மேல தூங்குனவதானே? ஏரிய மட்டும் தொடாதீங்க."

அடுத்த தேர்தலில் நம் தெருவே அவருக்கு ஓட்டுப் போடவில்லை. தோற்றுப்போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் காலையில் குடத்தோடு கிளம்பியவரை எங்கே என்று கேட்டேன். "பதவிதானே போச்சு, செடி காயுதுடி" என்றார். என்ன மனுஷி! புதிதாகப் பதவிக்கு வந்தவர்கள் மண் டிராக்டரை அனுப்பியபோது, தோப்புக்காரர்களும் பெண்களும் அக்காவோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். டிராக்டர் திரும்பிப் போனது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டதும் அதைத்தான். "ஏரி ரொம்பிச்சா?" ரொம்பி வழிகிறது என்றேன். சிரித்தார்.

அவர் விருப்பப்படியே நைனாவின் கல்லறையைத் திறந்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மழையில் நனைந்து பாடிய சபையாருக்கும், தோப்பு வேலையைப் போட்டுவிட்டு வந்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முடிவாகப் பெரியப்பாவுக்கு. அன்று தள்ளாத வயதில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குழி வெட்டுகிறவர்களிடம் அவர் சொன்னார்:

"மெல்ல வெட்டுங்கப்பா. கீழ வாத்தியாரு கீறாரு. பொண்ணு வருதுன்னு சொல்லிட்டு வெட்டுங்க."