நிற்காத பச்சைப் புள்ளி

அந்தோனியம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. மார்சிலிங்கில் வீடு. நகரத்தின் நடுவே ஒரு பேரங்காடியில் பதினோரு வருடமாகத் துப்புரவு வேலை. அவள் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது.

போன வருடம் நிறுவனம் எல்லார் கையிலும் ஒரு கடிகாரத்தை மாட்டிவிட்டது. மணி பார்க்க அல்ல. யார் எங்கே இருக்கிறார்கள், நடக்கிறார்களா நிற்கிறார்களா என்று அது மேற்பார்வையாளர் ராஜீவின் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நடந்தால் பச்சைப் புள்ளி. பத்து நிமிடம் அசையாவிட்டால் சிவப்பு, கடிகாரமும் அதிரும். ஒருமுறை அவள் கழிப்பறையில் இருந்தபோது அதிர்ந்தது. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

பிடோக்கிலிருந்து வரும் லீலா வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். அவள் புள்ளி மட்டும் சிவந்ததே இல்லை.

"லீலாவைப் பாருங்க ஆன்ட்டி, எப்பவும் கிரீன்தான்," என்று ராஜீவ் சொல்லும்போதெல்லாம் அந்தோனியம்மாளுக்கு வயிறு எரிந்தது. முட்டி தேய நடப்பது நான், பேர் வாங்குவது அவளா?

ஒரு மத்தியானம், தானாக ஓடித் தரை துடைக்கும் இயந்திரம் அந்தோனியம்மாளைக் கடந்து போனது. அதன் கைப்பிடியில் லீலாவின் கடிகாரம்! பின்படிக்கட்டுக் கதவைத் திறந்தால், லீலா காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, உங்களதையும் அதுலயே கட்டிவிடுங்க லா. நமக்கும் சேத்து அது நடக்கும்."

"வேணாம்மா. மாட்டிக்கிட்டா வேலை போயிடும்."

"வேலையெல்லாம் முடிச்சாச்சு. உக்காரத்தானே செய்றோம், திருடவா போறோம்?"

அந்த முகத்தில் இருந்த நிம்மதியைத்தான் அந்தோனியம்மாளால் தாங்க முடியவில்லை. தனக்கு இந்த யோசனை வரவில்லையே. வந்திருந்தாலும் செய்யத் துணிச்சல் இருந்திருக்காதே. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் ராஜீவிடம் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே லீலாவை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் எல்லாருக்கும் புதுப் பட்டை வந்தது. ராஜீவிடம் இருக்கும் சாவி இல்லாமல் கழற்ற முடியாது.

"என்ன தம்பி, கைவிலங்கு மாதிரி!"

"என்ன செய்றது ஆன்ட்டி, மேல சொல்லிட்டாங்க," என்றபடி அந்தோனியம்மாள் கையிலும் பூட்டினான். இனி கடிகாரம் கையோடுதான். காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பான்.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போனாள். பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் லீலா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். ஒதுங்கிப் போவதற்குள், "அக்கா!" என்று கூப்பிட்டுவிட்டாள்.

அந்தோனியம்மாள் திரும்பி வந்து கடை முன்னால் நின்றாள். "லீலா, நாந்தான்மா சொன்னேன் ராஜீவ்கிட்ட."

"தெரியும்க்கா. அந்தப் படிக்கட்டுக்கு வேற யாரு வந்தா?"

"கோபமில்லையா?"

"இருந்துச்சு. ஒரு மாசம் நல்லாவே இருந்துச்சு." லீலா எழுந்து புடவையை உதறினாள். உள்ளே பார்த்து, "அண்ணே, சும்மா கொஞ்சம் நடந்துட்டு வரேன்," என்றாள்.

"சரிம்மா," என்றார் கடைக்காரர், தலைகூடத் தூக்காமல். எங்கே என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்றும் கேட்கவில்லை.

"நீங்களும் வாங்களேன்க்கா."

"இல்லம்மா, நேரமாச்சு."

லீலா கூட்டத்துக்குள் போய் மறைந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே அந்தோனியம்மாளுக்கு ரயிலில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. மார்சிலிங் வரும்வரை அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கடைக்காரரின் "சரிம்மா" ஒன்றுதான்.