நீனே சாக்கு

டிரம்ஸில் முதல் அடி விழுந்ததும் எங்கள் பெங்களூர் அல்சூர் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் நடுங்கும்; மாடியில் அக்காவின் ‘பேண்டு’ ஒத்திகையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது நான் ஆறாம் வகுப்பு. பாப்-ராக் என்றால் என்னவென்று எங்கள் வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும், அந்தத் திமிர் இன்னும் போகவில்லை.

அக்கா பாடுவாள், அவளோடு படித்த கிரண் என்கிற கன்னடக்காரப் பையன் கிட்டார் வாசித்து மெட்டுப் போடுவான். கல்லூரி முடிவதற்குள் ஒரு ஆல்பம் போட்டே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாமே இங்கிலீஷ் பாட்டு, எல்லாமே காதல்: பார்த்தது, பழகியது, முறைத்தது, பிரிந்தது. கடைசியில் சேர்கிற பாட்டு மட்டும் பாக்கி. இது அவர்கள் சொந்தக் கதைதான் என்று தெருவுக்கே தெரியும். அப்பாவுக்கும் தெரியும், தெரியாத மாதிரியே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து இருவருக்கும் நிஜமாகவே முட்டிக்கொண்டது. தொண்டை கட்டிக்கொண்டது என்று அக்கா ஒத்திகைக்குப் போகாமல் இருக்க, அவன் நம்பவில்லை, இவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஒரு ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் போன் அடித்தது. அக்கா எடுக்க மாட்டேன் என்றதால் அப்பா எடுத்தார். தமிழர்களே நிறைந்த கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த அப்பாவுக்கு இங்கிலீஷ் பாட்டென்றால் உயிர், கன்னடம் மட்டும் ஏறவே ஏறாது. கிரணோ பதற்றத்தில் கன்னடத்திலேயே கொட்டியிருக்கிறான். போனை வைத்துவிட்டு அப்பா சொன்னார்:

“ஏம்மா, அந்தப் பையன் ‘நீனே சாக்கு’ங்கறான். நீ சாக்கு சொல்றியாம்.”

அக்காவுக்கு வந்ததே கோபம். மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஆல்பம் பதிவு நடந்த ஸ்டுடியோவுக்குப் போய், பிரிகிற பாட்டை அவன் முகத்தைப் பார்த்தே பாடி முடித்தாள். இதோடு ஆல்பமும் போச்சு, கிரணும் போயாச்சு என்றுதான் நினைத்தேன். பாடி முடித்ததும், சாக்கு சொல்கிறவளோடு இனி உனக்கென்ன பாட்டு என்று கேட்டாள்.

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: “நான் கன்னடத்துல சொன்னேன். நீனே சாக்கு. வேற யாரும் பேடா.”

கன்னடத்தில் ‘சாக்கு’ என்றால் போதும். எனக்கு நீ ஒருத்தியே போதும், வேறு யாரும் வேண்டாம் என்றிருக்கிறான். பஸ்ஸிலும் கடையிலும் தினமும் பேசுகிற சொல்தான், ஆனால் அப்பா வாயிலிருந்து வந்ததால் அக்கா அதைத் தமிழாகவே கேட்டுவிட்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. சேர்கிற பாட்டு அங்கேயே உருவானது, அந்த ஒரு கன்னட வரியோடு.

விஷயம் வீட்டுக்கு வந்தபோது அப்பாதான் வசமாக மாட்டிக்கொண்டார். மகளுக்குக் காதல் சேதியைத் தன் வாயாலேயே சொன்னவர் இனி எப்படித் தெரியாத மாதிரி இருப்பது? பையனை ஒருநாள் சாப்பிட வரச் சொல் என்றார்.

இன்று அந்த ஸ்டுடியோ இல்லை, அங்கே அபார்ட்மெண்ட் நிற்கிறது. டிரம்ஸ் அடித்தவர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மேனேஜர். அந்த ஆல்பத்தின் சிடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் வீட்டில் எதுவும் இல்லை. அப்பா இப்போது கிரணைக் கட்டிக்கொண்ட அக்கா வீட்டோடு இருக்கிறார். அங்கே சண்டைக்குக் குறைவில்லை. அவர்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அப்பா, அவர்கிட்ட சொல்லுங்க”, “மாவா, அவகிட்ட சொல்லுங்க” என்று ஆரம்பித்தாலே போதும், அப்பா எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.